மழை பெய்த இரவிலும் நிறுத்த முடியாத நடை

வாசகர் கேள்வி:

எனக்கு 26 வயது. பெற்றோருடனும் தம்பியுடனும் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். இரண்டு வருடங்களாகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒருநாள் வேலைத்தலத்தில் மயங்கி விழுந்த பின்னர்தான் அனொரெக்சியா என்ற உண்ணல் கோளாறு என்று கண்டறியப்பட்டது. எட்டு மாதங்களாக உளமருத்துவரிடமும் போசணை நிபுணரிடமும் சிகிச்சை பெறுகிறேன். இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். ஆனால் சாப்பிட்டு முடித்த உடனேயே என்னை நானே திட்டத் தொடங்கிவிடுகிறேன். மாலையில் மரைன் டிரைவில் நடக்கப் போனால், கைபேசியில் நான் வைத்திருக்கும் அடிக்கணக்கு முடியும்வரை என்னால் திரும்ப முடியாது. சென்ற மாதம் மழை பெய்த ஓர் இரவு, சமையலறைக்கும் ஹோலுக்கும் இடையில் நள்ளிரவு தாண்டும்வரை நடந்தேன். அம்மா கதிரையில் இருந்து ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இதை என் வைத்தியரிடம் சொல்லவில்லை. எல்லோரும் "உன்மீது நீயே அன்பாக இரு" என்கிறார்கள். என்னைத் திட்டாவிட்டால் நான் சோம்பேறியாகிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அலுவலகத்தில் ஓட்டப் போட்டி ஒன்றுக்குக் குழு சேர்க்கிறார்கள், நானும் ஓடலாமா? கந்தசஷ்டி விரதம் பிடிக்கலாமா?

பதில்:

அன்பின் சகோதரி,

நீங்கள் நான்கு பக்கங்களில் எழுதியனுப்பிய கடிதத்தின் சுருக்கத்தையே மேலே தந்திருக்கிறேன். அதில் அந்த மழை இரவைப் பற்றிய பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நள்ளிரவு தாண்டியும் கால் வலிக்க வலிக்க நடந்த ஒருவர், அதற்கு அடுத்த வரியிலேயே தன்னைச் சோம்பேறியாகிவிடுவேனோ என்று அஞ்சுகிறார் என்றால், அந்தச் சொல் அவருடைய வாழ்க்கையைப் பார்த்து எழுந்த சொல்லாக இருக்க முடியாது. சோம்பேறி என்ற அந்த ஒரு சொல்லைப் பிரம்பாகக் கையில் வைத்துக்கொண்டுதான் நோய் உங்களை இன்னும் நடக்க வைக்கிறது.

உங்கள் அச்சம் எனக்குப் புதிதன்று. உண்ணல் கோளாற்றிலிருந்து மீண்டுவரும் பலரும், முக்கியமாகப் படிப்பிலும் வேலையிலும் கெட்டிக்காரர்களாக இருப்பவர்கள், இதையே வேறு வேறு சொற்களில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதிகாலையில் எழுப்பிப் படிக்க வைத்ததும் கண்டிப்புத்தான், பரீட்சையில் சித்தியடைய வைத்ததும் கண்டிப்புத்தான் என்று நம்புகிறவர்களுக்குத் தம்மீது கனிவு காட்டுவது கயிற்றை அவிழ்த்து விடுவது போலவே தோன்றும். ஆனால் உங்கள் கடிதத்திலுள்ள விவரங்களையே சான்றாக எடுத்துக்கொண்டு பாருங்கள். மதியம் அலுவலகத்தில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த கேக் துண்டொன்றைச் சாப்பிட்ட அன்று, பின்னேரம் முழுவதும் உங்களைத் திட்டினீர்கள், அன்றிரவு புட்டில் பாதியை ஒதுக்கினீர்கள், மறுநாள் காலை பசியில் கை நடுங்கியது, அதற்காகவும் திட்டினீர்கள். திட்டு உங்களை எந்த இடத்திலும் நன்றாகச் சாப்பிட வைக்கவில்லை. எட்டு மாதங்களாக நீங்கள் சாப்பிட்டு வருவது திட்டினால் அன்று, அதையும் மீறித்தான்.

மதிய இடைவேளையில் ஒளிந்திருந்து சமையல் காணொளிகளைப் பார்ப்பதை ஒரு குற்றம்போல எழுதியிருந்தீர்கள். இதற்காகவே ஒரு பழைய ஆய்வை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 காலப்பகுதியில், பட்டினியால் வாடிய மக்களுக்கு மீண்டும் உணவூட்டும் வழியை அறிவதற்காக, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை 24 வாரங்கள் அரைவயிற்று உணவில் வைத்திருந்தார். உடலும் உள்ளமும் ஆரோக்கியமானவை என்று சோதித்துத் தெரிவு செய்யப்பட்ட, தாமாக முன்வந்த ஆண்கள் அவர்கள்; மெலிய வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை. வாரங்கள் செல்லச் செல்ல அவர்களுக்கு உணவைத் தவிர வேறு நினைவே இல்லாமற் போயிற்று. சிலர் சமையற் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். ஒரு கோப்பைச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு நெடுநேரம் இழுத்தடித்துச் சாப்பிட்டார்கள். குளிர் தாங்கவில்லை, எரிச்சல் கூடியது, நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். ஆய்வு முடிந்து வேண்டிய அளவு சாப்பிட அனுமதி கிடைத்த பின்னரும், வயிறு நிறைந்தாலும் பசி அடங்கவில்லை என்று பலர் நீண்ட காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே, காணொளி பார்ப்பதும், சாப்பிட்டு எழுந்தபின் அடுத்த வேளையைப் பற்றியே நினைப்பதும் உங்கள் குணக்கேடு அல்ல. உணவு போதாமல் இருந்த எந்த மனித உடலும் செய்யும் வேலை அது. இதை விளங்கிக்கொள்வதைத்தான் நான் கனிவின் முதற்படி என்று எண்ணுகிறேன். தன்மீது காட்டும் கனிவு (self-compassion) பற்றி 2003இலிருந்து ஆய்வுகளை எழுதிவரும் அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் அதை மூன்று இழைகளாகப் பிரிக்கிறார்: தன்னோடு கனிவாக நடத்தல், தன் துன்பம் தனக்கு மட்டும் உரியதல்ல, மனிதருக்குப் பொதுவானது என உணர்தல், நேர்வதை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் கவனித்தல். இரண்டாவது இழையே உங்களுக்கு இப்போது அதிகம் தேவைப்படுவதாக நான் நினைக்கிறேன். கனடாவில் அலிசன் கெல்லியும் சக ஆய்வாளர்களும் உண்ணல் கோளாற்றுக்காகச் சிகிச்சை பெற்றவர்களைப் பின்தொடர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையின் தொடக்க வாரங்களிலேயே தன்மீது கனிவு கூடியவர்களுக்கு நோயின் அறிகுறிகள் விரைவாகக் குறைந்தன. குணமடைந்த பிறகு கிடைக்கும் பரிசாகக் கனிவைத் தள்ளிவைக்க வேண்டாம் என்று நான் கேட்பது இதனால்தான்.

"அன்பாக இரு என்கிறார்கள், ஆனால் எனக்கு என்மீது அன்பே வருவதில்லை" என்று எழுதியிருந்தீர்கள். வரவேண்டியதில்லை. காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பவர், இன்று எவ்வளவு வேலை செய்தாய், இந்தக் கஞ்சிக்கு உனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்பதில்லை. சில நாட்களில் அவருக்கே களைப்பும் சலிப்பும் இருக்கும், ஆனாலும் நேரத்துக்குக் கஞ்சி வரும். உங்களுக்கு நீங்கள் செய்ய வேண்டியதும் அதுவே. உணர்வு வருகிறதோ இல்லையோ, நேரத்துக்கு உணவு வரட்டும். ஒக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் ஃபெயர்பேர்ன் வகுத்த சிகிச்சை முறையிலும் முதலில் நிலைநிறுத்தப்படுவது இந்த ஒழுங்குதான்: மூன்று பிரதான வேளைகள், இடையில் இரண்டு அல்லது மூன்று சிற்றுணவுகள், எந்த இடைவெளியும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலத்துக்கு மேல் நீளாமல். நீங்கள் மூன்று வேளைகளைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். மதியம் ஒரு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் இடையில் வெறும் பிளேன்டீயுடன் இருக்கிறீர்கள் என்றால், இரவில் உணவைப் பார்த்து வரும் பதற்றத்தில் ஒரு பங்கு அந்த ஏழு மணித்தியாலத்தால் வருவது. நான்கு மணிக்கு என்ன சாப்பிடுவது என்பதைப் போசணை நிபுணரிடம் கேட்டுத் திட்டத்தில் எழுதி வாங்குங்கள். எழுதியிருந்தால் அந்த நேரத்தில் மனத்தோடு வாதாட வேண்டியிராது.

இடியப்பத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அம்மா சொதியை ஊற்றி வைத்தால், நீங்கள் தட்டைச் சற்றுச் சரித்துப் பிடித்து, சொதி வடிந்த பிறகே சாப்பிடுகிறீர்கள். சிறியதாகத் தெரியும் இந்தச் செயலைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். ஒரு நாளைக்கு ஒரு வேளை, தட்டைச் சமமாக வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். தேங்காய்ப்பாலில் ஊறிய இடியப்பம் வாயில் எப்படி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பயம் வரும், அது வந்துவிட்டுப் போக இடம் கொடுத்துக்கொண்டு சாப்பிடுங்கள். பிறகு வயிறு ஊதினாற்போல் இருந்தால், நீண்டகாலம் உணவு குறைந்திருந்த இரைப்பை தன் உள்ளடக்கத்தை மெதுவாகவே கீழே அனுப்புகிறது என்பதை நினைவில் வையுங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டுவர அது தானாகவே பழைய வேகத்துக்குத் திரும்பும். உடல் மீளும்போது தொடக்கத்தில் சதை வயிற்றைச் சுற்றி அதிகம் தெரிவதும், காலப்போக்கில் உடலெங்கும் பரவுவதும் பலரிடம் காணப்படுகிறது. சட்டையின் இடுப்பு இறுகினால் சட்டையை மாற்றுங்கள். பழைய அளவுச் சட்டைகளை அலுமாரியில் கண்முன் தொங்கவிட வேண்டாம். தம்பியிடம் கொடுத்து எங்காவது கட்டி வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009இல் வன்னியில் உப்பில்லாத கஞ்சிக்கு வரிசையில் நின்றவர் அவர். பத்து வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நீங்கள். "சாப்பாடில்லாத காலத்தைக் கண்டும், இருக்கிற சாப்பாட்டை எப்படி உன்னால் ஒதுக்க முடிகிறது?" என்று அவர் அழுததை எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்வி உங்களைக் குத்தியதையும், அவ்வளவு பேர் பசியால் வாடிய இடத்திலிருந்து வந்த தனக்கு இப்படி ஒரு நோய் வந்தது வெட்கம் என்று நீங்கள் நினைப்பதையும் வாசித்தபோது மனம் கனத்தது. உண்ணல் கோளாறு வசதி கூடியவர்களின் நோய் என்ற எண்ணம் எங்கள் சமூகத்தில் ஆழமாக இருக்கிறது, அது சரியல்ல. பசியை அறிந்த குடும்பங்களிலும் இந்நோய் வருகிறது. அந்த அனுபவம்தான் உங்கள் நோய்க்குக் காரணம் என்று ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு நான் சொல்லமாட்டேன், ஆனால் உளமருத்துவரிடம் அதைப் பற்றிப் பேசியிருக்கிறீர்களா என்று கேட்பேன். அம்மாவுக்கு ஒரு தட்டைக் காலியாகப் பார்ப்பது உயிர் பிழைத்ததற்குச் சமம். அதனால்தான் உங்கள் தட்டைவிட்டுக் கண் எடுக்க முடியாமல் இருக்கிறார். "அம்மா, என் தட்டைப் பார்க்க வேண்டாம், எனக்குப் பக்கத்தில் இருந்து நீங்களும் சாப்பிடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அடுப்படியில் நின்றபடி சாப்பிடும் தாய்மார் எங்கள் வீடுகளில் அதிகம். குறைவாக உண்பதே பெண்ணுக்கு அழகு என்று சிறுவயதிலேயே மனனம் செய்ய வைத்துவிட்டு, பிறகு பெண்பிள்ளைகள் ஏன் சாப்பிடுவதில்லை என்று வருந்துகிறோம். உங்கள் அம்மாவும் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினால் அது இருவருக்கும் நல்லது.

கொட்டாஞ்சேனைப் பெரியம்மா "இப்பதான் முகத்தில சதை வைச்சிருக்கு" என்று மகிழ்ச்சியாகச் சொன்ன அன்று இரவு நீங்கள் சாப்பிடவில்லை. அவர் உயிர் வந்துவிட்டது என்ற பொருளில் சொன்னார்; நோய் அதைக் குண்டாகிவிட்டாய் என்று மொழிபெயர்த்துக் கொடுத்தது. உறவினர் எல்லோருக்கும் இதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அம்மாவோ தம்பியோ முன்கூட்டியே தொலைபேசியில், "அவளின்ர உடம்பைப் பற்றி நல்லதாகக்கூட ஒன்றும் கதைக்க வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டும்.

இனி உடற்பயிற்சிக்கு வருகிறேன். நடப்பது நல்லது என்று மருத்துவர் முதல் அயலவர் வரை எல்லோரும் சொல்லும் ஊரில், நடையே நோயின் ஒரு பகுதியாக இருக்க முடியும் என்பதைப் பலர் நம்பமாட்டார்கள். மாலையில் மரைன் டிரைவில் வேகமாக நடப்பவரைப் பார்த்துப் பாராட்டுவார்களே தவிர, அவரால் நிற்க முடியாது என்பது எவருக்கும் தெரிவதில்லை. நான் கவனிப்பது தூரத்தையோ வேகத்தையோ அல்ல. அன்றைக்கு நடையை விட்டுவிட முடிகிறதா என்பதைத்தான். மழை பெய்தால், காய்ச்சல் வந்தால், தோழி வீட்டுக்கு வந்தால், கணுக்கால் வலித்தால் விடக்கூடியதாக இருந்தால் அது உடற்பயிற்சி. விட்டால் பயமும் குற்றவுணர்வும் வந்து, சாப்பிட்டதற்குக் கடன் அடைப்பதுபோல அதைச் செய்தே தீரவேண்டியிருந்தால் அது அறிகுறி; அறிகுறிக்குச் சிகிச்சை தேவை. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

உடலளவில் இதில் ஆபத்தும் உண்டு. உணவு குறைந்திருந்த காலத்தில் இதயத் தசையும் மெலிகிறது, நாடித்துடிப்பு மந்தமாகிறது. மாதவிடாய் நின்றிருந்தால் ஈஸ்ட்ரஜன் குறைவினால் எலும்பின் அடர்த்தி குறைகிறது, சாதாரண நடையிலும் ஓட்டத்திலும்கூட எலும்பில் நுண்ணிய முறிவுகள் ஏற்படலாம். வாந்தி எடுக்கும் பழக்கமும் சேர்ந்திருந்தால் குருதியில் பொட்டாசியம் குறைந்து இதயத்தின் ஒழுங்கே குழம்பலாம். நீங்கள் மாதவிடாயைப் பற்றி எதுவும் எழுதவில்லை. ஆகவே ஓட்டப் போட்டிக்கு என் பதில், இம்முறை வேண்டாம் என்பதுதான். நாடி, இருந்தும் நின்றும் எடுக்கும் இரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., குருதிப் பரிசோதனை ஆகியவற்றைப் பார்த்து உங்கள் வைத்தியர் அனுமதித்த பின்னர், சாப்பாடு பல மாதங்கள் தளராமல் நின்ற பின்னர், ஓட்டத்தைப் பற்றி மீண்டும் பேசலாம். அலுவலகத்தில் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வைத்தியர் இப்போதைக்கு ஓட வேண்டாம் என்றிருக்கிறார் என்பது போதும். போட்டி நாளன்று தண்ணீர் கொடுக்கும் குழுவில் நின்று அவர்களோடு இருக்கலாம்.

நடையை அடியோடு நிறுத்துவதா, குறைப்பதா என்பதை உங்களைப் பரிசோதிக்கும் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். அவர் அனுமதித்தால் மட்டும், ஒரு மாலையை இப்படிச் செலவிட்டுப் பாருங்கள். நான்கு மணிச் சிற்றுணவைச் சாப்பிட்டுவிட்டு, கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு புறப்படுங்கள்; வேகத்தை அவர் தீர்மானிக்கட்டும். பாதியில் கடலைப் பார்த்தபடி எங்காவது உட்காருங்கள், தெஹிவளைப் பக்கம் போகும் ரயில் கடக்கட்டும், சூரியன் இறங்கட்டும். பிறகு திரும்புங்கள். எத்தனை அடி என்று தெரியாமல் வீட்டுக்கு வருவது முதல் தடவை மிகவும் கடினமாக இருக்கும். வீட்டுக்குள் நடந்து கணக்கை ஈடுசெய்யச் சொல்லும் குரல் இரவு முழுவதும் வரக்கூடும். அந்த நேரத்தில் அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். பேச வேண்டியதில்லை. பதற்றம் ஏறும், உச்சத்துக்குப் போகும், நீங்கள் நடக்காமலேயே இறங்கும். அது இறங்குவதை ஒருமுறை உடலால் அறிந்துவிட்டால், அடுத்த தடவை சற்று இலகுவாகும்.

முதன்முதலாகக் கொழும்புக்கு வந்த கிழமை, அப்பாவுடன் காலிமுகத்திடலில் பட்டங்களைப் பார்த்துக்கொண்டு கடற்கரையோரம் நடந்ததையும் சூடாக இறால் வடை சாப்பிட்டதையும் எழுதியிருந்தீர்கள். அன்று நடந்த தூரத்தை நீங்கள் எண்ணவில்லை, வடைக்குக் கடனும் அடைக்கவில்லை. அப்படி நடந்த கால்கள் இவைதான்.

கந்தசஷ்டி விரதம் இவ்வாண்டு வேண்டாம் என்று தயங்காமல் சொல்கிறேன். ஆறு நாட்கள் உணவைக் குறைப்பது உங்கள் நிலையில் பல மாத உழைப்பைக் கலைத்துவிடும். விரதத்தின் பெயரால் நோய் உள்ளே வருவதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். நோயாளிக்கு உணவும் மருந்தும் விலக்கல்ல என்பதை எங்கள் பெரியவர்களும் ஏற்பார்கள். இஸ்லாத்திலும் கத்தோலிக்க வழக்கத்திலும்கூட நோயுற்றவருக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு. மாலை கட்டிக் கொடுங்கள், பின்னேரப் பூசைக்குப் போய்க் கும்பிடுங்கள், சூரன்போரைப் பாருங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

சறுக்கும் நாட்கள் வரும். ஒரு வேளையைத் தவறவிட்டால், அடுத்த வேளையை உரிய நேரத்தில் உரிய அளவில் சாப்பிடுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஒருநாள் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டதாகத் தோன்றினாலும் இதே பதில்தான். ஆனால் மயக்கம், நெஞ்சு படபடப்பு, நெஞ்சுவலி, எழுந்து நிற்கும்போது கண் இருண்டு வருதல், கால் வீக்கம், தொடர்ந்து வாந்தி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் தேசிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அசைய முடியாவிட்டால் 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், எந்த நேரமானாலும் வீட்டில் ஒருவரை எழுப்புங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நடையைப் பற்றி வைத்தியரிடம் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சொன்னால் அவர் நிறுத்திவிடுவார் என்ற பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அவர் உங்களுக்குத் தரும் உணவுத் திட்டமும் மருந்தும் நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துக் கணக்கிடப்பட்டவை. நள்ளிரவு நடை அந்தக் கணக்கில் இல்லை. வாயால் சொல்ல முடியாவிட்டால், எனக்கு எழுதிய அந்த நான்கு பக்கங்களையும் அடுத்த கிளினிக் நாளில் கொண்டுபோய், மழை இரவைப் பற்றிய பக்கத்தை மேலே வைத்து, அவர் மேசையில் கொடுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.